போர்வைக் கடைக்கு டொமைன் பெயர் தேடியது: கருவிகளும் சோதனைகளும்

என் சித்தப்பா மகன் சென்னிமலையில் கைத்தறிப் போர்வை விற்கிறான். இதுவரை வாட்ஸ்அப்பிலும் தெரிந்தவர்கள் மூலமாகவும் ஓடிய வியாபாரத்துக்கு இப்போது சொந்தமாக ஒரு தளம் வேண்டும். தளம் கட்டுவது என் பொறுப்பு, பெயர் சொல்வது அவன் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். தறிக்கூடத்தில் புழங்கும் சொற்களையே பட்டியலாக அனுப்பிவிட்டான்: இழை, பாவு, ஊடை, தறி, நாடா, நூல்வீடு, இன்னும் சில. "எது கெடைக்குதோ அதையே வாங்கிருங்கண்ணா" என்றான். எது கிடைக்கிறது என்று உறுதியாகச் சொல்வதற்கு எவ்வளவு பார்க்க வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். தமிழ்ச் சொல்லில் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், தேடும் யாருக்கும் இதே வேலைதான் வரும்.

முதலில் எல்லோரும் போகும் இடத்துக்கே போனேன். 'இன்ஸ்டன்ட் டொமைன் சர்ச்' மாதிரியான தளங்களில் எழுத்தை அடிக்க அடிக்கவே பச்சை, சிவப்பு என்று விடை வரும். 'லீன் டொமைன் சர்ச்' நாம் கொடுக்கும் சொல்லுக்கு முன்னும் பின்னும் வேறு சொற்களை ஒட்டிக் காட்டும். 'நேம்லிக்ஸ்' புதுச் சொற்களையே உருவாக்கித் தரும். ஆங்கிலப் பெயர் தேடுபவர்களுக்கு இவை உண்மையிலேயே நல்ல கருவிகள். ஆனால் 'தறி' என்று கொடுத்தால் அதன் வாலில் 'ஹப்' என்றோ 'ஸ்டோர்' என்றோ ஒட்டித் தருமே தவிர, தறியோடு சேரும் இன்னொரு தமிழ்ச் சொல்லை எடுத்துத் தராது. ஏஐ சாட்பாட்களிடமும் கேட்டேன். பெயர் யோசிக்க அவை உதவுகின்றன. கூடவே "இது கிடைக்கும்" என்று சொன்னால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு பின்னொட்டில் பதிவான எல்லாப் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்டுப் பார்க்கும் வசதி அதற்குக் கொடுக்கப்படவில்லை என்றால் அது சொல்வது வெறும் ஊகம்.

பட்டியலில் இருந்த சின்னச் சொற்கள் டாட் காமில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நான்கு ஆங்கில எழுத்துகளை வைத்து 4,56,976 பெயர்கள்தான் அமைக்க முடியும். டாட் காமில் பதிவாகியிருப்பதோ 15 கோடிக்கும் மேல். நான்கெழுத்துப் பெயர்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஐந்தெழுத்திலும் வாயில் நுழைகிற பெயர் கிடைப்பது அரிது. ஆகவே இரண்டு சொல் சேர்ந்த பெயர், அல்லது டாட் இன். இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் நிறைய ஏமாற்றம் மிச்சமாகும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமாகப் பட்டது இதுதான். எந்தக் கருவியும் இதைத் தொடுவதில்லை.

'நூல்வீடு' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 'நூ'வை இரண்டு 'ஓ' போட்டு எழுதலாம், ஒரு 'யு' போட்டு எழுதலாம், இரண்டு 'யு' போட்டும் எழுதலாம். 'வீ'க்கு 'வி' என்ற ஆங்கில எழுத்தா, 'டபிள்யூ'வா? அதன் நெடிலுக்கு இரண்டு 'ஈ'யா, ஒரு 'ஐ'யா? கடைசி 'டு'வுக்கு 'டாக்' என்ற சொல்லில் வரும் 'டி'யா, 'டேபிள்' என்ற சொல்லில் வரும் 'டீ'யா? மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் ஒரே பெயருக்கு 24 வடிவங்கள். டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் என்று மூன்று பின்னொட்டுகளில் பார்த்தால் 72. கையால் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிற வேலை இல்லை. பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மக்கள் வழக்கமாகப் போடும் ஆங்கில எழுத்துகளை ஓர் அகராதியாகக் கொடுத்து, எல்லாச் சேர்க்கைகளையும் அது உருவாக்கும்படி செய்தேன்.

சரி, 24 வடிவங்களில் எது காலியாக இருந்தாலும் வாங்கிவிடலாமா? கூடாது. போர்வை வாங்குபவர் போனில் பெயரைக் கேட்டுவிட்டு எந்த வடிவத்தை அடிப்பாரோ அதுதான் நமக்கு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருந்தது. பெயர்களை நான் சொல்லிப் பதிவு செய்த குரல் செய்தியை உறவினர்களுக்கும் தம்பியின் பழைய வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பி, "இதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புங்கள், யோசிக்க வேண்டாம்" என்று கேட்டோம்.

வந்த பதில்களைப் பார்த்ததும் பட்டியல் தானாகச் சுருங்கியது. 'ழ' உள்ள சொற்கள் மூன்றாகப் பிரிந்தன: 'இசட் எச்' போட்டவர்கள், வெறும் 'எல்' போட்டவர்கள், 'இசட்' மட்டும் போட்டவர்கள். 'த'வுக்கு 'எச்' சேர்ப்பதும் சேர்க்காததும் ஆளுக்கு ஆள் மாறியது. நெடிலை இரட்டித்து எழுதுபவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. 'தறி'யைக் குரலில் கேட்டவர்களில் சிலர் அது என்ன சொல் என்றே திருப்பிக் கேட்டார்கள். 'நாடா'வை ஆங்கிலத்தில் எழுதினால் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சுருக்கப் பெயரும் அதேதான் என்பதால் தேடலில் நம் கடை மேலே வராது.

'இழை' தம்பிக்கு மிகவும் பிடித்த பெயர். எனக்கும்தான். அதைக் கைவிடச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பாதிப் பேர் வேறு முகவரிக்குப் போவார்கள் என்றால் அது டொமைனுக்கு ஆகாது. போர்வையில் தைக்கும் துணி லேபிளில் தமிழில் 'இழை' என்று இருக்கட்டும், டொமைன் வேறாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். 'ழ', 'த', 'ற' மூன்றும் இல்லாத பெயர்கள் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போயின.

இப்போது ஸ்கிரிப்ட்டின் இரண்டாம் பாதி: கிடைக்குமா என்று பார்ப்பது. வேகமான வழி டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் அந்தத் தளம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் முறை. 'டிக்' என்ற கட்டளையால் ஒரு பெயருக்கு நேம்சர்வர் (அந்தப் பெயரின் டிஎன்எஸ் விவரங்களை வைத்திருக்கும் சர்வர்) பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால் பெயர் போய்விட்டது, அதோடு அந்தப் பெயரை விட்டுவிடலாம். வீட்டு இணைப்பின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்காமல், டாட் காமுக்கான 13 சர்வர்களில் ஒன்றை நேரடியாகக் கேட்பது நல்லது. இல்லாத பெயருக்கும் ஏதோ ஒரு விளம்பரப் பக்கத்தின் முகவரியைத் திருப்பி அனுப்பும் இணையச் சேவைகள் உண்டு.

"அப்படி ஒரு பெயர் இல்லை" என்று டிஎன்எஸ் சொன்னால் பெயர் காலி என்று பொருளாகாது. பதிவு செய்துவிட்டு நேம்சர்வர் வைக்காமல் விட்டவை, பெயரை நமக்கு விற்கும் ரெஜிஸ்ட்ராரோ ரெஜிஸ்ட்ரியோ நிறுத்தி வைத்தவை, புதுப்பிக்காமல் மீட்புக் காலத்தில் கிடப்பவை எல்லாமே டிஎன்எஸ்ஸில் தெரியாது. சில இலவசத் தேடல் கருவிகள் இந்த ஒரு சோதனையோடு நின்றுவிடுகின்றன. அங்கே பச்சை காட்டி, வாங்கப் போகும்போது இல்லை என்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே டிஎன்எஸ் என்பது கழிப்பதற்கு மட்டும். காலி என்று முடிவு சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

அந்த வடிகட்டலைத் தாண்டியவற்றை ஆர்டாப்பில், அதாவது டொமைன் பதிவேட்டையே கேட்டுப் பார்க்கும் முறையில், கேட்டேன். முன்பெல்லாம் இதற்கு ஹூஇஸ் இருந்தது. 1982 முதல் புழக்கத்தில் இருந்த முறை அது. 43-ஆம் போர்ட்டில் பெயரை அனுப்பினால் வெறும் உரையாகப் பதில் வரும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரியும் தனக்குத் தோன்றிய வாசகத்தில் பதில் எழுதும். "பதிவு இல்லை" என்பதையே பத்து விதமாகச் சொல்வார்கள், அத்தனையையும் ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆர்டாப் வழக்கமான இணைய முகவரி மூலமாக வேலை செய்கிறது, நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவில் பதில் தருகிறது. பெயர் இருந்தால் 200, இல்லையென்றால் 404. டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு ஹூஇஸ் நடத்த வேண்டிய கட்டாயத்தை, டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு 2025 ஜனவரி 28-ஆம் தேதியோடு நீக்கிவிட்டது. இனி புதிதாக எழுதும் எந்தக் கருவியும் ஆர்டாப்பில்தான் தொடங்க வேண்டும்.

எந்தப் பின்னொட்டுக்கு எந்த ஆர்டாப் சர்வர் என்று தெரிய, பின்னொட்டுகளின் மூலப் பட்டியலைப் பராமரிக்கும் ஐயானா ஒரு பட்டியல் கோப்பு வைத்திருக்கிறது. ஸ்கிரிப்ட் அதை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும். டாட் காமுக்கு, அதன் ரெஜிஸ்ட்ரியை நடத்தும் வெரிசைன் நிறுவனத்தின் சர்வரை அது காட்டும். நாட்டுப் பின்னொட்டுகளுக்கு ஆர்டாப் கட்டாயம் இல்லை என்பதால் சில அந்தப் பட்டியலில் இருக்காது. அவற்றுக்குப் பழைய ஹூஇஸ் வழியையே வைத்தேன்.

எழுதும்போதே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தேன். விடை மூன்று வகை: 'இருக்கிறது', 'பதிவு இல்லை', 'தெரியவில்லை'. அடுத்தடுத்துக் கேட்டால் சர்வர் 429 என்று தடுக்கும். இணைப்பு அறுந்தால் பதிலே வராது. இந்த இரண்டையும் 'பதிவு இல்லை' என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. 'தெரியவில்லை'யில் போட்டு, பிறகு நிதானமாகத் திரும்பக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே இரண்டு விநாடி இடைவெளி விட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை, பொதுச் சர்வரைப் போட்டு நெருக்குவதும் முறையல்ல.

ஆர்டாப் பதிலில் நிலைக் குறியீடுகள் வரும். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வது பலன் தரும். பட்டியலில் இருந்த ஒரு நல்ல பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லை, ஆனால் ஆர்டாப்பில் மீட்புக் காலம் என்று காட்டியது. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானதும் உடனே காலியாகாது. முதலில் ரெஜிஸ்ட்ரியே அதை ஓராண்டுக்குத் தானாகப் புதுப்பித்துவிடும். அதனால் ரெஜிஸ்ட்ரி காட்டும் காலாவதித் தேதி ஓராண்டு தள்ளியும், ரெஜிஸ்ட்ரார் காட்டும் தேதி பழையதாகவும் இருக்கலாம். அதன்பின் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ராருக்கு அவகாசம். அதற்குள் அவர் நீக்கினால் 30 நாள் மீட்புக் காலம், பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெறலாம். அதுவும் கடந்தால் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அப்புறம்தான் பெயர் எல்லோருக்கும் திறக்கும். நல்ல பெயர் என்றால் திறந்த அந்த நொடியே பிடிப்பதற்கென்று தானியங்கிச் சேவைகள் காத்திருக்கும். மனிதர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி அந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது. அந்தப் பெயரைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்தோம்.

எடுத்தவர் யார் என்று பார்த்து விலை பேசலாமா என்று தம்பி கேட்டான். 2018 மே 25 அன்று ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டே வருகின்றன. ரெஜிஸ்ட்ரார் வழியாகச் செய்தி அனுப்பலாம். பதில் வருமா என்பது வேறு. சின்னக் கடைக்கு அந்தச் செலவும் காத்திருப்பும் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

ஆர்டாப் 404 தந்த பெயர்களும் முழுக்க உறுதி இல்லை. ரெஜிஸ்ட்ரியே ஒதுக்கி வைத்த பெயர்கள் உண்டு. 'பிரீமியம்' என்று அதிக விலை குறித்தவையும் உண்டு, குறிப்பாகப் புதிய பின்னொட்டுகளில். இவற்றுக்குப் பதிவு கிடையாது என்பதால் ஆர்டாப்பில் தெரியாது. ரெஜிஸ்ட்ரார் ரெஜிஸ்ட்ரியிடம் நேரடியாகக் கேட்கும்போதுதான் விடையும் விலையும் சேர்ந்து வரும். அதனால் கடைசிச் சோதனை வாங்கும் பக்கத்தில்தான்.

அந்தக் கடைசிச் சோதனையை வாங்குகிற நாளுக்கு என்று தள்ளி வைத்தேன். தேடிய பெயரை யாராவது முந்திப் பதிவு செய்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது வெறும் வதந்தியிலிருந்து வந்ததல்ல. 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ரெஜிஸ்ட்ரார் நிறுவனம் தன் தளத்தில் மக்கள் தேடிய பெயர்களைத் தானே சில நாள் பிடித்து வைத்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. பதிவு செய்த 5 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்ற விதி அப்போது அதற்கு வசதியாக இருந்தது. 2009-ல் ஐகேன் அந்தச் சலுகைக்கு வரம்பு வைத்ததும், கூட்டம் கூட்டமாகப் பெயர்களை எடுத்து ருசி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் ஏறத்தாழ நின்றே போனது. இன்று அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனாலும் ரெஜிஸ்ட்ரி நடத்தும் ஆர்டாப் சர்வரை நேரடியாகக் கேட்க முடிகிறபோது, பத்துத் தளங்களில் பெயரைக் கொட்டித் தேட அவசியம் என்ன?

எஞ்சிய பெயர்களின் பழைய வரலாற்றையும் பார்த்தோம். 'வேபேக் மெஷின்' தளத்தில் பெயரைக் கொடுத்தால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியும். ஒரு பெயர் முன்பு சூதாட்டத் தளமாக இருந்திருக்கிறது. அதன் பழி நம் கடை மின்னஞ்சல் மேல் விழும், அனுப்புவதெல்லாம் ஸ்பேமுக்குப் போகலாம். உடனே நீக்கினோம்.

அடுத்து வணிகச் சின்னம். டொமைன் காலியாக இருப்பதும் அந்தப் பெயரில் வியாபாரம் செய்யும் உரிமை இருப்பதும் வெவ்வேறு. இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பொதுத் தேடல் பக்கம் இலவசம். வீட்டுத் துணி, படுக்கை விரிப்பு எல்லாம் 24-ஆம் வகுப்பு, தரைவிரிப்பு வகைகள் 27-ஆம் வகுப்பு. அங்கே ஒலியை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் பல விதமாக அலையும் தமிழ்ப் பெயர்களுக்கு அது மிகவும் உதவும். அதில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. டாட் காமுக்கும் டாட் இன்னுக்கும் தனித்தனித் தகராறு தீர்ப்பு முறைகள் இருக்கின்றன, சின்னத்தின் உரிமையாளர் அங்கே போய் வென்றால் டொமைனையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். லேபிள் எல்லாம் அச்சடித்த பிறகு அப்படி ஒன்று வந்தால் தாங்காது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 'டாட் இந்தியா' என்ற பின்னொட்டு தமிழிலேயே இருக்கிறது, டாட் இன்னை நடத்தும் நிக்ஸிதான் அதையும் பார்த்துக்கொள்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அதேபோலத் தமிழ்ப் பின்னொட்டுகள் உண்டு. எழுத்துக்கூட்டல் தொல்லையே இல்லாத வழி இது. டிஎன்எஸ்ஸுக்குள் தமிழ் எழுத்து நேரடியாகப் போகாது, பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் மாறித்தான் போகும். 'நூல்வீடு' கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் எட்டுக் குறிகள். மாற்றியபின் 63 எழுத்து வரம்புக்குள் இருந்தால் போதும்.

இதைச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் நுணுக்கமானவை. பைத்தானில் கூடவே வரும் மாற்றி 2003-ஆம் ஆண்டு விதிகளைப் பின்பற்றுகிறது. 2008 விதிகளுக்குத் தனித் தொகுப்பு இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தில் வரும் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். யூனிகோடின் சீராக்கல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், அதைச் செய்யாமல் ஸ்கிரிப்ட் கேள்வி அனுப்பக் கூடாது. சீராக்கலாலும் தீராதது ஔகாரம். 'ஔ' தனி எழுத்து. 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்தாலும் திரையில் அப்படியேதான் தெரியும், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஔகாரம் வரும் பெயரைத் தமிழ் டொமைனுக்கு எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. இப்படித் தட்டச்சும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதால் ஏமாற்று முகவரி உருவாக்குவதும் எளிது.

தமிழ் முகவரி வைத்த மின்னஞ்சலை இன்னும் பல படிவங்கள் ஏற்பதில்லை. பணம் கட்டும் தளங்கள், கூரியர் தளங்கள் எல்லாம் "சரியான முகவரி கொடுங்கள்" என்று நிற்கும். அதனால் தமிழ் டொமைனை எடுத்து, வருபவரைத் தானாக ஆங்கில எழுத்து டொமைனுக்கு அனுப்பிவிடும் 301 திருப்பலாக வைத்தோம். பொட்டலத்தின் மேல் தமிழ் முகவரியைப் பெரிதாக அச்சடிக்கலாம், மின்னஞ்சல் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். குரல் செய்திச் சோதனையில் இரண்டாவதாக அதிகம் பேர் அடித்த எழுத்துக்கூட்டலும் காலியாக இருந்தது, அதையும் வாங்கித் திருப்பிவிட்டோம். மூன்றாவது, நான்காவது என்று வாங்கிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும்.

விலையைப் பற்றி ஒன்று. டாட் காமுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலராக உயர்ந்தது. மொத்த விற்பனை விலையைவிட மிகக் குறைவாக யாராவது விற்றால் முதல் வருடத்துக்கான கவர்ச்சி விலை அது. புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுத்தோம்.

பதிவு தம்பியின் பெயரில், அவனுடைய மின்னஞ்சலில். தளம் கட்டித் தருபவர் தன் பெயரில் டொமைனை எடுத்துவிட்டு, பின்னால் உறவு கசந்ததும் கடைக்காரர் தவிக்கும் கதைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பியாக இருந்தாலும் உரிமை அவனிடம் இருப்பதுதான் சரி. டாட் காமுக்கு வந்த சரிபார்ப்பு மின்னஞ்சலை அன்றே திறந்து உறுதி செய்ய வைத்தேன், 15 நாளுக்குள் செய்யாவிட்டால் பெயர் நிறுத்தப்படலாம். இடமாற்றப் பூட்டு, தானாகப் புதுப்பித்தல், இரண்டடுக்குக் கடவுச்சொல் மூன்றையும் போட்டுக் கொடுத்தேன். டாட் காமில் முதல் 60 நாளுக்குப் பொதுவாக வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது என்பதையும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தளம் இன்னும் திறக்காததால் பெயரை இங்கே எழுதவில்லை. ஸ்கிரிப்ட்டின் எழுத்து அகராதியில் இன்னும் வேலை இருக்கிறது: 'ஞ', 'ங்க', 'ஞ்ச' வரும் சொற்களுக்கு மக்கள் எப்படி அடிக்கிறார்கள் என்று சேகரிக்க வேண்டும். மீட்புக் காலத்தில் இருந்த அந்தப் பெயரை வாரம் ஒருமுறை அது போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன், நிலைக் குறியீடு மாறினால் தம்பிக்கு மின்னஞ்சல் போகும்.